கோவையாக்கிய வழக்கம்

பழைய குளிர்ச்சட்டையை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று நேற்று அலுமாரியிலிருந்து எடுத்தேன். பைகளைத் தடவிப் பார்த்தபோது ஒற்றைக் கையுறை ஒன்றும் மூலை மடிந்த அட்டை ஒன்றும் கைக்கு வந்தன. அட்டையின் ஒரு பக்கத்தில் நோர்வேஜியச் சொல், ‘கொன்டூர்’. மறுபக்கத்தில் உங்கள் நீல மையில் ‘அலுவலகம்’. அதன் கீழ் என் பச்சை மையில் ‘கந்தோர்’. அதற்கும் கீழே இடம் போதாமல் நெருக்கிக்கொண்டு மறுபடியும் நீல மை: ‘இது நோர்வேக்காரன் சொல்லேதானுங்க, ஏமாத்தாதீங்க!’

சப்பாத்துகளுக்கு நடுவே நிலத்தில் இருந்தபடி சிரித்தேன். சிரித்து முடிய அழுகை வந்தது. நீங்கள் போய் ஒரு வருடமாகப் போகிறது. உங்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டியிருக்கிறது, எனக்கே போன சனிக்கிழமைதான் தெரியவந்தது. அதைச் சொல்ல நாலு வருடம் பின்னே போக வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள். பொறுமை உங்களிடம் நிறைய இருந்தது, எனக்குத்தான் அது எப்போதும் தட்டுப்பாடு.

நாங்கள் இருவரும் மொழிபெயர்ப்பாளர் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தோம். நோர்வேயில் எங்களைத் தொல்க் என்பார்கள். நான் ஒஸ்லோவின் புருசெத் பகுதியில் இருந்தேன், காலையில் முதியோர் இல்லச் சமையலறையில் வேலை, மற்ற நேரத்தில் கூப்பிட்ட இடத்துக்குத் தொல்க். நீங்கள் அதே ரயில் பாதையில் ட்வெய்ட்டாவில் இருந்தீர்கள், பாலர் பாடசாலை வேலைக்கு நடுவே கூப்பிட்டால் நீங்களும் தொல்க். கணவரின் கம்ப்யூட்டர் வேலையோடு கோயம்புத்தூரிலிருந்து வந்தவர். கல்யாணத்துக்கு முன் அங்கே ஒரு வக்கீல் ஆபீசில் டைப் அடித்தவர். வகுப்பில் தமிழுக்கென்று வந்தது நாங்கள் இரண்டு பேர் மட்டும். ஆசிரியர் எங்களைப் பக்கத்தில் பக்கத்தில் இருத்தி, ‘ஒரே மொழிதானே, சேர்ந்து படியுங்கள்’ என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஒரே மொழி! முதல் நாளே நான் ‘உங்களோடை கதைக்கலாமோ?’ என்று கேட்க, நீங்கள் ‘கதையா? எந்தக் கதைங்க?’ என்றீர்கள். ஓம் என்று நான் சொல்லும்போதெல்லாம் ஏதோ மந்திரம் சொல்கிறேன் என்று ஒரு வாரம் நினைத்திருந்தீர்களாம். நீங்கள் ‘பேசிட்டு இருக்கேன்’ என்றால் எங்கள் ஊரில் அது ஏச்சு. யாரை ஏசுகிறீர்கள் என்று நான் கேட்டேன்.

அதனால்தான் சொல் அட்டைகள் போட்டுவைத்த அந்தச் சப்பாத்துப் பெட்டி. ஒவ்வொரு புதன்கிழமையும் ட்வெய்ட்டா சென்டரில் வெதுப்பகத்தின் ஜன்னலோர மேசை. அட்டையின் முன்பக்கம் நோர்வேஜியச் சொல், பின்பக்கம் நீலத்தில் உங்கள் தமிழ், பச்சையில் என் தமிழ். நீங்கள் வக்கீல் என்று எழுத, நான் அப்புக்காத்து என்று எழுதுவேன். ‘அட்வொகாத்’ என்ற நோர்வேஜியச் சொல்லுக்கு அது எவ்வளவு கிட்ட வருகிறது என்று பார்த்துவிட்டு, ‘ஏனுங்க, உங்க ஊருக்கு இவங்க முன்னாடியே வந்துட்டாங்களா?’ என்று கேட்டீர்கள். இவர்கள் இல்லை, ஒல்லாந்தர் என்று நான் சொன்னேன். கந்தோரும் அவர்கள் விட்டுப்போனதுதான்.

பிழை நடந்தது அந்த வருடம். இலங்கையில் சமாதானப் பேச்சுக் காலம். வன்னிக்குப் பாதை திறந்திருந்தது, பிரிந்துபோன உறவுகளைக் கூப்பிடலாம் என்று எல்லாருக்கும் ஒரு நம்பிக்கை. குடிவரவுக் கந்தோர்களில் தமிழ்த் தொல்க்குக்கு ஓயாத வேலை.

அறைக்குள் கேட்டதை வெளியே சொல்லக்கூடாது என்பது எங்கள் தொழிலின் முதல் விதி. உங்களிடம்கூட நான் சொல்லவில்லை. இன்று எழுதுகிறேன் என்றால், அன்று நான் யாருக்குத் தொல்க்காகப் போனேனோ அந்த அக்காவே ‘ஆருக்கெண்டாலும் சொல்லு, எனக்கொரு வெக்கமும் இல்லை’ என்று வாய்விட்டுச் சொன்ன பிறகுதான். அப்படியும் பெயரும் ஊரும் எழுத மாட்டேன்.

அந்த அக்காவின் தங்கை போரில் இறந்துபோனாள். ஒரு வயதுப் பெண்பிள்ளை மிஞ்சியது. நீதிமன்றமும் அரச கந்தோரும் எட்டாத இடத்தில் அவர்கள் இடம்பெயர்ந்து இருந்த நேரம். உறவுக்காரரைக் கூப்பிட்டு, அவர்கள் முன்னால் மஞ்சள் தண்ணீர் குடித்து, அக்கா அந்தப் பிள்ளையைத் தன் பிள்ளையாக எடுத்துக்கொண்டாள். எங்கள் பக்கத்தில் தத்தெடுக்கும் பழைய முறை அது. பிறகு அக்கா கணவனிடம் ஒஸ்லோவுக்கு வந்தாள். பிள்ளை வன்னியில் ஒரு மாமா வீட்டில் நின்றது. இப்போது கூப்பிட வேண்டும். கையில் ஒரு கடதாசியும் இல்லை. அதற்கான விசாரணைக்குத்தான் நான் தொல்க்காகப் போனேன்.

அதிகாரி நல்ல மனிதர். மஞ்சள் தண்ணீர்க் கதையை முழுக்கக் கேட்டு எழுதினார். பிறகு பேனாவை வைத்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்: இந்த வழக்கம் ‘கொடிஃபிசேர்ட்’ ஆனதா?

அந்தச் சொல்லை நான் அதற்கு முன் கேட்டதில்லை. கேட்டதில்லை என்று சொல்லியிருக்கலாம். தொல்க் விளக்கம் கேட்கலாம், அது எங்கள் உரிமை என்று வகுப்பில் படித்துப் படித்துச் சொன்னார்கள். ஆனால் என் வாய் எப்போதும் என்னை முந்திக்கொண்டு ஓடுவது உங்களுக்குத் தெரியும். ‘கோட்’ என்று காதில் விழுந்தது. வாசல் கதவுக்கு அடிக்கும் கோட் இலக்கத்துக்கு முதல் வாரம்தான் நாங்கள் அட்டை எழுதியிருந்தோம், நீல மையில் ‘சங்கேத எண்’ என்று. அந்தத் துணிவில் அக்காவிடம் திரும்பி, ‘உங்கடை இந்த வழக்கம் சங்கேதமாக்கப்பட்டதோ எண்டு கேக்கிறார்’ என்றேன்.

அக்காவின் முகம் போன போக்கு! வோக்கிடோக்கியில் பேசுகிறவர்களின் சொல் அது எங்களுக்கு. இன்னாருக்குச் சங்கேதம் தெரியும் என்று யாராவது ஆமியிடம் சொன்னால், அந்த ஆள் பிறகு வீட்டுக்கு வருவதில்லை. அக்கா கைப்பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். ‘ஐயோ தங்கச்சி, அப்பிடி ஒண்டுமில்லை. நாங்கள் சங்கேதம் ஒண்டும் பாவிக்கிறேல்லை. வெறும் மஞ்சள் தண்ணிதான் குடிச்சது. அந்த வீட்டிலை ஒரு ரேடியோகூட இல்லை, சத்தியமா இல்லை.’

நான் அதை நோர்வேஜிய மொழிக்கு மாற்றினேன்: இல்லை, அப்படி ஒன்றுமில்லை, அது வெறும் மஞ்சள் தண்ணீர். ரேடியோவையும் சொன்னேன். அதிகாரி என்னை ஒரு தடவை பார்த்தார், பிறகு இல்லை என்று எழுதினார். விசாரணை முடிந்தது.

ரயிலில் வரும்போது அந்த ரேடியோ என்னைக் குடைந்துகொண்டே வந்தது. அன்று புதன்கிழமை என்றபடியால் ட்வெய்ட்டாவில் இறங்கினேன். நீங்கள் வழமையான மேசையில் பெட்டியைத் திறந்து வைத்திருந்தீர்கள். மேலாடையைக் கழற்ற முதலே கேட்டேன், ஒரு வழக்கத்தைப் பற்றிச் சொல்லும்போது ‘கொடிஃபிசேர்ட்’ என்றால் என்ன?

‘அது கோடிஃபிகேஷனுங்க. எங்க வக்கீல் சார் அடிக்கடி சொல்லுவாரு. வாய்வழியா இருக்கற வழக்கத்தை எடுத்து, வரிசைப்படுத்தி, எண் போட்டு, இதுதான் சட்டம்னு எழுதி வெக்கிறது’ என்றீர்கள். வெண்ணெய்க் கத்தியை வைத்துவிட்டு மேசையில் விரலால் ஒன்று, இரண்டு, மூன்று என்று கோடு போட்டும் காட்டினீர்கள்.

‘சங்கேதம் இல்லையோ?’

‘சங்கேதம்னா மறைக்கிறதுங்க. இது எல்லாருக்கும் தெரியட்டும்னு எழுதறது. அப்படியே தலைகீழு.’

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் தேசவழமை அதுதானே. ஒல்லாந்தர் காலத்தில் எங்கள் பகுதி வழக்கங்களை எழுதச் சொல்லி, முதலியார்மாரிடம் காட்டிச் சரிபார்த்து, சட்டமாக்கி வைத்தார்களே. சீதனம், முதுசம், தேடியதேட்டம் என்று சொத்தை வகைபிரித்துக் காணி உறுதி எழுதும்போதெல்லாம் வீட்டில் அடிபடும் பேச்சு. மஞ்சள் தண்ணீரும் அதற்குள் இருக்கிறது. அதிகாரியின் கேள்விக்குச் சரியான பதில் ‘ஓம்’. நான் வாங்கிக் கொடுத்தது ‘இல்லை’. ஒரு பிள்ளையின் கோப்பில் என் பிழையால் ‘இல்லை’ என்று எழுதியிருந்தது.

தேசவழமை என்றால் என்ன என்று மட்டும் உங்களுக்குச் சொன்னேன். மஞ்சள் தண்ணீரைச் சொல்லவில்லை. நீங்கள் என் முகத்தைப் பார்த்தீர்கள். ‘நீங்க என்ன சொல்லிட்டு வந்தீங்கன்னு நான் கேக்கலைங்க. ஆனா போய்ச் சொல்லிடுங்க.’

‘பாப்பம்’ என்றேன். எங்கள் ஊரில் பாப்பம் என்றால் செய்யமாட்டேன் என்று அர்த்தம் என்பதை அதற்குள் கற்றுக்கொண்டிருந்தீர்கள்.

உண்மையைச் சொல்கிறேன், பயந்தேன். பரீட்சைக்கு மூன்று வாரம் இருந்தது. பிழை விட்ட தொல்க் என்று பெயர் வந்தால் தொல்க்குகளின் பட்டியலில் இருந்து தூக்கிவிடுவார்கள் என்று நினைத்தேன். அதைவிடச் சனத்தின் வாய்க்குப் பயந்தேன். புருசெத்தில் ஒரு கட்டடத்தில் தும்மினால் அடுத்த கட்டடத்தில் ‘தடிமனோ?’ என்று கேட்பார்கள். இரண்டு நாள் சமையலறையில் உருளைக்கிழங்கு உரித்தபடி எனக்கு நானே நியாயம் சொன்னேன். ஒரு கேள்விதானே, அதை வைத்தா முடிவெடுக்கப் போகிறார்கள் என்று. சனி, ஞாயிறும் அப்படியே போயிற்று.

திங்கட்கிழமை காலை வாசல் மணி அடித்தது. உங்கள் வேலை நாள் அது, பாலர் பாடசாலைக்கு லீவு சொல்லிவிட்டு வந்து நின்றீர்கள். மூக்கு குளிரில் சிவந்திருந்தது. ‘சங்கேதம்னு எழுதினது என்னோட நீல மை. அதனால பாதிப் பிழை என்னுது. நான் உள்ள வர முடியாது, வராந்தாவில உக்காந்திருக்கேன். கிளம்புங்க’ என்றீர்கள்.

‘கதவுக்கு எழுதின சொல்லை நான் கொண்டுபோய் வழக்கத்துக்குப் போட்டால் அது உங்கடை பிழையோ?’ என்று எரிந்து விழுந்தேன். என் கோபம் யாரில் என்று உங்களுக்குத் தெரிந்திருந்தது. என் சப்பாத்துகளை எடுத்து முன்னால் வைத்தீர்கள்.

அந்தக் கந்தோரின் வராந்தாவில் நீங்கள் மடியில் தேநீர்ப் போத்தலோடு இருந்தீர்கள். நான் உள்ளே போனேன். எங்களை ‘நான்’ என்று சொல்லக்கூடாது என்று பழக்கியிருந்தார்கள், அறைக்குள் எங்களைப் பற்றிப் பேச நேர்ந்தால் ‘தொல்க்’ என்றுதான் சொல்ல வேண்டும். ‘தொல்க் ஒரு சொல்லைப் பிழையாக…’ என்று தொடங்கினேன். அது யாரோ மூன்றாம் ஆள் செய்த பிழை போலக் கேட்டது. நிறுத்திவிட்டு, ‘நான் பிழை விட்டேன்’ என்றேன். சங்கேதத்தையும் ரேடியோவையும் சொல்லி முடித்தேன்.

அதிகாரி சிரிக்கவில்லை, ஏசவும் இல்லை. ரேடியோ ஏன் வந்தது என்று தானும் யோசித்ததாகச் சொன்னார். திருத்தத்தை எழுதிக்கொண்டு, விசாரணையைத் திரும்ப வைப்பார்கள், ஆனால் வேறு ஒரு தொல்க் வருவார் என்றார். அதோடு என் பங்கு முடிந்தது. முடிவு என்ன ஆயிற்று என்று தொல்க்குக்கு யாரும் சொல்வதில்லை, கேட்கவும் கூடாது.

வெளியே வந்தபோது நீங்கள் தேநீரை ஊற்றித் தந்தீர்கள். ஆறிப்போயிருந்தது, குடித்தேன்.

அடுத்த புதன்கிழமை அந்தச் சொல்லுக்கு அட்டை எழுத இருந்தோம். நீங்கள் ‘தொகுத்தல்’ என்று எழுதினீர்கள். தொகுத்தால் மட்டும் போதாது, சட்டமாகவும் வேண்டும் என்று நான் சண்டை பிடித்தேன். எங்கள் நாட்டில் தண்டனைச் சட்டக்கோவை என்று சொல்வோம், பூக் கோப்பது போல ஒவ்வொரு விதியாகக் கோத்து வைப்பது, ஆகவே ‘கோவையாக்கல்’ என்றேன். உங்களுக்கு வந்த சிரிப்பில் பக்கத்து மேசைக் கிழவர் திரும்பிப் பார்த்தார். ‘கோவைன்னா எங்க ஊருங்க! வழக்கத்தையெல்லாம் கோயம்புத்தூர் ஆக்கிப்புடுவீங்களா?’ பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, ‘ஆனா நல்ல சொல்லுங்க, கொடிஃபிசேர்ட்ல கொடி இருக்கு, கொடியில கோவை காய்க்குது’ என்று நீல மையால் என் சொல்லை நீங்களே எழுதினீர்கள். பெட்டியில் ஒரே நிறத்தில் இருந்த அட்டை அது ஒன்றுதான்.

இனி, போன சனிக்கிழமை.

லோறென்ஸ்கூக்கில் ஒரு வீடு குடிபூரலுக்குப் போக முன் பழம் வாங்கலாம் என்று ட்வெய்ட்டாவில் தமிழ்க் கடைக்குள் நுழைந்தேன். முருங்கைக்காய்ப் பெட்டிக்குப் பக்கத்தில் அந்த அக்கா நின்றாள். தெருவில் கண்டால் நாங்கள் முந்திக்கொண்டு வணக்கம் சொல்லக்கூடாது, அதுவும் விதி. நான் வாழைப்பழத்தைப் பார்ப்பது போல நின்றேன். அக்கா நேரே வந்து கையைப் பிடித்தாள்.

‘தங்கச்சி, என்னைத் தெரியேல்லையோ? மஞ்சள் தண்ணி!’

கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நான் விட்ட பிழைக்கு மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அக்கா கேட்கிற நிலையில் இல்லை. ‘நீதானே போய்ப் பிழை எண்டு சொன்னனீ. ரண்டாம் முறை கூப்பிடேக்கை சொன்னவை. பிறகு ஒரு இந்தியாக்கார அக்கா வந்தவ, தொல்க்குக்கு. அவ ஆறுதலாக் கேட்டா, உங்க வழக்கத்தை எங்கயாச்சும் சட்டமா எழுதி வெச்சிருக்காங்களாம்மா எண்டு. ஓம், தேசவழமையிலை இருக்கு, மாமா அதைச் சொல்லித்தான் செய்விச்சவர் எண்டு சொன்னன். நான் அழுதுபோட்டன். அவவின்ரை கண்ணும் கலங்கினது, ஆனா ஒரு சொல்லும் விடேல்லை. என்ரை வேலை லீவு நாள் அது, ஒரு புதன்கிழமை. அவ எங்கை இருக்கிறா? ஒருக்காக் காணவேணும்.’

ஒஸ்லோவில் இந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொல்க் அப்போது நீங்கள் ஒருவர்தான். நீங்கள் இல்லை என்பதை நான் சொல்ல, முருங்கைக்காய்களுக்கு நடுவே நின்று இருவரும் அழுதோம்.

அப்படியென்றால் நீங்கள் எல்லாம் அறிந்திருந்தீர்கள். அந்த அறையில் முதல் விசாரணையை வாசித்துக் காட்டியிருப்பார்கள். சங்கேதம், ரேடியோ, அக்காவின் பயம் எல்லாம் உங்கள் வாய்வழியாகவே தமிழில் வந்திருக்கும். அன்றே ஒரு புதன்கிழமைப் பின்னேரம் எனக்கு முன்னால் வந்து இருந்திருக்கிறீர்கள். எந்தப் புதன்கிழமை என்று நேற்று முழுக்க யோசித்தேன், கண்டுபிடிக்க முடியவில்லை. எல்லாப் புதன்கிழமையும் நீங்கள் ஒரே மாதிரித்தான் இருந்தீர்கள். பன்னைப் பிட்டுப் பெரிய பாதியை என் பக்கம் தள்ளினீர்கள். என் அவசரத்தைப் பகிடி பண்ணினீர்கள்.

மூன்று வருடம் நான் என்ன நினைத்தேன் தெரியுமா? பாவம், எனக்காக வேலைக்கு லீவு போட்டு வராந்தாவில் குளிரில் இருந்தவருக்கு என்ன காரியம் என்றுகூடச் சொல்ல முடியவில்லையே என்று. ஆஸ்பத்திரியில் கடைசிக்கு முந்திய தடவை பார்க்க வந்தபோது மனம் பொறுக்காமல், ‘உங்களிட்டை ஒண்டு சொல்லவேணும், விதி கிடக்கட்டும்’ என்று தொடங்கினேன். மெலிந்த கையைத் தூக்கி நிறுத்தினீர்கள். ‘வேண்டாங்க. நாளைக்கு நீங்கதான் வருத்தப்படுவீங்க.’ பிறகு சம்பந்தமில்லாமல் கேட்டீர்கள்: ‘ஏனுங்க, உங்க வன்னிக்குப் போற பாதையை எப்ப மூடினாங்க?’ போன வருடம் ஆவணியில் என்றேன். கோயம்புத்தூர்க்காரிக்கு எங்கள் பாதைமேல் என்ன அக்கறை என்று நினைத்தேன். நீங்கள் கண்ணை மூடி ஏதோ கணக்குப் பார்த்தீர்கள். மருந்து மயக்கம் என்று நினைத்து நான் போர்வையை இழுத்துவிட்டேன்.

பிள்ளை வந்துசேர்ந்ததா என்று கேட்க விரும்பியிருக்கிறீர்கள். என்னிடம் கேட்டால் உங்களுக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரிந்துவிடும். நான் வெட்கப்படுவேன். அதனால் பாதையைக் கேட்டீர்கள்.

வாயை மூடிக்கொள் என்பது விதியில் இருக்கிறது. இலக்கம் போட்டு, வரிசையாக, கோவையாக்கித்தான் வைத்திருக்கிறார்கள். அறிந்த பிறகும் முகம் மாறாமல் இரு, சிநேகிதியைத் தலைகுனிய வைக்காதே என்று அதில் எங்கும் இல்லை. அது உங்களிடம்தான் இருந்தது, எழுதாமல். நான் இப்போது அதைப் பழகிக்கொண்டிருக்கிறேன். எனக்குச் சுலபமாக வரவில்லை. ஒரு சொல் தெரியாவிட்டால் தெரியாது என்று கேட்கவும் பழகிவிட்டேன். அது கொஞ்சம் சுலபம்.

கடையில் அக்கா அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, மா அடுக்கியிருந்த பக்கம் திரும்பிக் கூப்பிட்டாள். எட்டு ஒன்பது வயதில் ஒரு பெண்பிள்ளை, பின்னல் ஒன்று அவிழ்ந்தபடி, ‘கொம்மர், அம்மா!’ என்று ஓடிவந்தது. வருகிறேன் என்பதை நோர்வேஜிய மொழியில் சொல்லி, அம்மாவைத் தமிழில் சொல்லியது.

உங்கள் கணக்குச் சரிதான். பாதை மூட ஒரு வருடத்துக்கு முன்னமே வந்துவிட்டாள்.